வேலூரில் பெர்ஃபார்மன்ஸ் கார்: வாங்க, பராமரிக்க, ஸ்பேர் தேட ஒரு முழு வழிகாட்டி

வேலூரிலிருந்து சென்னை சுமார் 140 கிலோமீட்டர், பெங்களூரு சுமார் 210. நம்மூரில் வேகமான கார் வைத்திருக்க நினைப்பவருக்கு குதிரைத்திறனைவிட இந்த இரண்டு எண்கள்தான் முக்கியம். சென்னை அண்ணா நகர்க்காரர் காலையில் ஒரு சென்சார் போனால் ஸ்பேர் வாங்கி மாலைக்குள் மாட்டிவிடுவார். அதே வண்டி வேலூர் சத்துவாச்சாரியில் நின்றால் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு நாள், பார்ட் நம்பர் தேட ஒரு நாள், பார்சல் வர ஒன்றிரண்டு நாள், தப்பான சாமான் வந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. ஸ்பேர் விலை எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நமக்குக் கூடுதலாக விழும் செலவு, வண்டி நிற்கும் நாட்கள். அந்த நாட்களை எப்படிக் குறைப்பது என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: வண்டியைத் தேர்ந்தெடுங்கள், ஸ்பேரை முன்னால் வைத்து

எவ்வளவு சீறும் என்று பார்ப்பதற்கு முன்னால், அதன் சாமான் வேறு எந்தெந்த வண்டிகளில் இருக்கிறது என்று பாருங்கள். 2017-இல் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்-க்கும் 2020-இல் வந்த ஆக்டேவியா ஆர்எஸ் 245-க்கும் பெயரளவில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் முதலாவது இந்தியாவிலேயே பாகங்களைச் சேர்த்துப் பூட்டப்பட்டது. இரண்டாவது முழுதாக இறக்குமதியாகி 200 வண்டிகள் மட்டுமே வந்தது. இன்ஜின் பக்கம் இரண்டுக்கும் வழி உண்டு, ஏனென்றால் அந்த 2.0 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) இன்ஜின் குடும்பம் சூப்பர்ப், ஆடி என்று பல வண்டிகளில் ஓடுகிறது. முன் பம்பர் உடைந்தால்தான் வித்தியாசம் தெரியும். 2016-இல் வந்த மூன்று கதவு ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடிஐ-க்கும் இதே கதை. இன்ஜின் கிடைக்கும், கதவு கிடைக்காது.

ஃபியட் புன்டோ அபார்த் இன்றைக்குக் குறைந்த விலையில் கிடைக்கும் நல்ல விருந்து. கம்பெனி இங்கே விற்பனையை நிறுத்திவிட்டாலும் அதே 1.4 டி-ஜெட் இன்ஜின் லீனியாவிலும் வந்ததால் உள்சாமானுக்கு வழி இருக்கிறது. பழைய ஹோண்டா சிட்டி விடெக், மிட்சுபிஷி சீடியா இரண்டுக்கும் புதுச் சாமான் அருகிவிட்டது; சென்னையில் பழைய ஸ்பேர் விற்கும் புதுப்பேட்டையில் நடக்கத் தயாராக இருப்பவர் மட்டும் வாங்கலாம். தினமும் ஆபீஸ் போக ஒரே வண்டிதான் என்றால் என் யோசனை ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் அல்லது ஸ்கோடா ஸ்லாவியா 1.5 டிஎஸ்ஐ. 150 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர். சாமான் இந்தியாவிலேயே புழங்குகிறது.

ராணிப்பேட்டை மாவட்டப் பனப்பாக்கத்தில் டாடாவும் ஜாகுவார் லேண்ட் ரோவரும் தொழிற்சாலை கட்ட 2024-இல் அடிக்கல் நாட்டியதைக் காட்டி, "இனிமேல் ராணிப்பேட்டையிலேயே ஸ்பேர் கிடைக்கும்" என்று ஆசை காட்டும் புரோக்கர்களைப் பார்க்கிறேன். தொழிற்சாலை வாசலில் சில்லறைக்கு யாரும் சாமான் தருவதில்லை.

படி 2: வாங்கும் முன் பார்க்க வேண்டியது

நம் பக்கம் புழங்கும் இத்தகைய கார்களில் பல பெங்களூரிலிருந்து வருகிறவை. விலை குறைவாகத் தெரியும். ஆனால் கேஏ (கர்நாடக) பதிவுள்ள வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றியாக வேண்டும். படிவம் 28-இல் அங்கிருந்து தடையில்லாச் சான்று, 29, 30-இல் பெயர் மாற்றம், 27-இல் புதிய எண். இங்கே வரி தனி. டிஎன் 23 எண் கையில் வரும்வரை ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்த பிறகு விலை பேசுங்கள். லோன் பாக்கி ஆர்சியில் நிற்கிறதா, அபராதச் சலான் பாக்கி உண்டா என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பாருங்கள்.

வண்டியைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போதே இன்ஜின் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தேய்ந்த இன்ஜின், குளிரில் ஸ்டார்ட் ஆகும் முதல் சில நொடிகளில்தான் கடகடக்கும். அடுத்து ஸ்கேனர். ஃபோக்ஸ்வாகன் குடும்பம் (ஸ்கோடா, ஆடியும் இதில்தான்) என்றால் அதற்கே உரிய ஸ்கேனர் வேண்டும். இரண்டாயிரம் ரூபாய் புளூடூத் கருவி இன்ஜின் கோளாறை மட்டும் காட்டும், கியர்பாக்ஸ் பக்கம் போகாது. கோளாறு எதுவும் இல்லை, ஆனால் சுயபரிசோதனைகள் எல்லாம் 'முடியவில்லை' என்று காட்டினால், சற்று முன்புதான் யாரோ அழித்திருக்கிறார்கள்.

ரீமேப் செய்து (பவர் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரின் ஃபைலை மாற்றி), விற்பதற்காகப் பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றிய வண்டிகளும் நிறைய. ஏர் ஃபில்டர் பெட்டியின் ஸ்குரூ தலைகள், டர்போ காற்று போகும் பூஸ்ட் குழாய்களின் கிளாம்ப், டர்போவிலிருந்து புகை வெளியேறும் டவுன்பைப்பின் போல்ட் இவற்றில் ஸ்பேனர் தடம் இருக்கிறதா பாருங்கள். கம்பெனி கிளாம்புக்குப் பதிலாக ஹார்டுவேர் கடை கிளாம்ப் இருந்தால், அந்த வண்டியின் கதை விற்பவர் சொல்வதைவிட நீளமானது.

படி 3: வந்ததும் எல்லாத் திரவமும் புதிது

எத்தனை பில் காட்டினாலும் சரி, இன்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில் நான்கையும் மாற்றி, தேதியும் கிலோமீட்டரும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அன்றிலிருந்துதான் உங்கள் கணக்கு.

நம்மூரில் கூலன்ட் விஷயம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியது. பாலாற்றுப் படுகையின் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் நிறைந்தது. வீட்டு ஹீட்டர் காயிலைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூலன்ட் குறைந்ததும் வாளியிலிருந்து ஒரு மக்கு ஊற்றிவிடும் பழக்கம் இன்னும் பல ஷெட்டுகளில் இருக்கிறது. கூலன்ட் டப்பாவை டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் மட்டம் நிற்கும் கோட்டில் வெள்ளைப் படலம் இருந்தால், மூடியின் உள்பக்கம் விரலால் தேய்த்தால் மாவு போல் ஒட்டினால், போர் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அதே படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும், டர்போவைக் குளிர்விக்கும் சின்ன லைனிலும் இருக்கும். அப்படியானால் டிஸ்டில்ட் வாட்டர் விட்டு, ஹீட்டரை ஆன் செய்து ஓட்டி, வடித்து, வடிவது தெளிவாகும்வரை திரும்பச் செய்யுங்கள். பிறகு மேனுவலில் சொன்ன வகைக் கூலன்ட், டிஸ்டில்ட் வாட்டர், பாதிக்குப் பாதி. பச்சையும் பிங்க்கும் கலந்தால் பரவாயில்லை என்று சொல்லும் மெக்கானிக்கிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

2.0, 1.8 டிஎஸ்ஐ இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்பும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் அது நெளிந்து கசியத் தொடங்கும். தரையில் சொட்டாது, சூடான பாகத்திலேயே காய்ந்து பிங்க் நிறப் பொருக்காக நிற்கும். மாதம் ஒருமுறை அந்த இடத்தில் டார்ச் அடியுங்கள். டப்பாவில் மட்டம் மெல்ல இறங்குகிறது, கீழே ஈரமில்லை என்றால் முதல் சந்தேகம் இங்கேதான்.

படி 4: வேலூர் வெயிலுக்கு ஏற்ற பராமரிப்பு

மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் என்ற கம்பெனிக் கணக்கு டர்போ வண்டிக்கு ஒத்துவராது. 7,500 அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது. பாட்டிலில் 5டபிள்யூ-40 என்று பெரிதாக எழுதியிருப்பதைவிட, பின்னால் பொடியாக எழுதியிருக்கும் கம்பெனி அங்கீகாரம் முக்கியம்: ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா பெட்ரோல் என்றால் விடபிள்யூ 502 00 போன்ற எண். கூடவே ஏபிஐ எஸ்பி தரம் இருந்தால் நல்லது. சின்ன டர்போ இன்ஜினைக் குறைந்த ஆர்பிஎம்மில், உயர் கியரில் வைத்து மிதித்தால் ஸ்பார்க்குக்கு முன்பே கலவை பற்றி பிஸ்டனை உடைக்கலாம். அதைக் குறைப்பதும் அந்தத் தரத்தின் வேலை. பள்ளிகொண்டா டோலைத் தாண்டி ஐந்தாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் இருந்து ஒரே மிதி மிதிப்பவர்கள் கியரைக் குறைத்துவிட்டு மிதிக்கவும்.

பெட்ரோல் மூடியின் உள்பக்கம் குறைந்தபட்ச ஆக்டேன் (பெட்ரோல் தானாகப் பற்றாமல் தாங்கும் அளவு) எழுதியிருக்கும். 95 என்றிருந்தால் எக்ஸ்பி95 போன்ற பிரீமியம்தான். ஆக்டேன் வேறு, எத்தனால் வேறு. 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பல வண்டிகள் 20 சதவீத எத்தனாலை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றில் பெட்ரோல் ஹோஸ்களை ஒவ்வொரு சர்வீஸிலும் விரலால் அழுத்திப் பாருங்கள், மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் எத்தனால் ஈரம் இழுக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

கியர்பாக்ஸ். டிஎஸ்ஜி என்பது தானாகக் கியர் மாற்றும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். டிகியூ200 என்ற ஏழு கியர் டிஎஸ்ஜி உலர் கிளட்ச் கொண்டது. கிரீன் சர்க்கிள் நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் கிளட்ச் பாதிப் பிடியிலேயே தேயும், சூடாகும். பிரேக்கை அழுத்தி நில்லுங்கள், முன்னால் ஒரு கார் நீளம் இடம் விட்டதும் ஒரே நகர்வாக நகருங்கள். பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பார்; அடிக்கட்டும். ஆறு கியர் டிகியூ250 எண்ணெயில் ஓடும் கிளட்ச். அதற்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் கட்டாயம். முந்தைய ஓனர் செய்தாரா என்று பில்லில் தேடுங்கள், வாய் வார்த்தை போதாது.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரம்; ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை முழு லோடோடு பிரேக்கிலேயே இறங்கினால் 155 ஒன்றும் தொலைவில் இல்லை. பெடல் பஞ்சாகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், இறங்கும்போது இரண்டாவது கியரில் இறங்குங்கள். டாட் 5 என்பது சிலிக்கோன் எண்ணெய், டாட் 5.1 அது இல்லை. கடையில் 'அடுத்த நம்பர், இன்னும் நல்லது' என்று கொடுத்தால் வாங்காதீர்கள்.

டயரில் தயாரான தேதியைச் சொல்லும் நான்கு இலக்கம் பாருங்கள்: முதல் இரண்டு இலக்கம் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு இலக்கம் எந்த வருடம். நம் வெயிலில் ரப்பர் சீக்கிரம் இறுகும். கோடு நிறைய இருந்தாலும் ஐந்து வருடத்துக்கு மேல் வேகமான காரில் ஓட்டமாட்டேன். டயரில் அளவை அடுத்து நிற்கும் எழுத்து எச் என்றால் 210, வி 240, டபிள்யூ 270 கிலோமீட்டர் வேகம் தாங்கும் தரம். நீங்கள் அந்த வேகம் போகப்போவதில்லை. ஆனாலும் கம்பெனி கொடுத்ததற்குக் கீழே இறங்காதீர்கள், அந்த எழுத்து வெப்பம் தாங்கும் திறனையும் சேர்த்துச் சொல்கிறது.

படி 5: ஸ்பேர் தேடுவது

முதலில் எண். கடைக்குப் போன் போட்டால் உரையாடல் இப்படித்தான் போகும்.

"அண்ணா, ஆக்டேவியா முன் டிஸ்க் இருக்கா?"

"இருக்கு தம்பி. எத்தனை எம்எம்?"

"தெரியலண்ணா."

"அப்ப நம்பர் எடுத்துக்கிட்டுக் கூப்பிடு."

அவர் சொல்வது நியாயம். ஃபோக்ஸ்வாகன் குடும்பத்தின் பார்ட் நம்பர் மூன்று மூன்றாகப் பிரியும். 5கியூ0 615 301 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று எந்த பிளாட்ஃபார்முக்காக (பல வண்டிகளுக்குப் பொதுவான அடித்தளம்) வரையப்பட்டது என்பது. நடு மூன்றின் முதல் இலக்கம் பிரிவு: 1 இன்ஜின், 2 பெட்ரோல் டேங்க், எக்ஸாஸ்ட், 3 கியர்பாக்ஸ், 4 முன் ஆக்ஸில், 5 பின் ஆக்ஸில், 6 சக்கரமும் பிரேக்கும், 8 பாடி, 9 எலெக்ட்ரிக்கல். 615 என்றால் பிரேக் டிஸ்க். கடைசியில் ஒட்டும் ஓரிரு எழுத்துகள்தான் ஆளைக் கவிழ்ப்பவை. இதே எண்ணில் ஓர் எழுத்து மாறினால் 312 எம்எம் டிஸ்க், இன்னொன்றில் 340. உங்கள் வண்டியில் எது என்று அறிய, டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் இடத்திலோ சர்வீஸ் புத்தகத்திலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். '1இசட்' என்று தொடங்கும் மூன்றெழுத்துக் குறி முன் பிரேக், '1கே' என்று தொடங்குவது பின் பிரேக். அந்த ஸ்டிக்கரையும் 17 இலக்கச் சேசிஸ் எண்ணையும் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். பாதி வேலை முடிந்தது.

அடுத்து எங்கே. ஷோரூம் ஸ்பேர் கவுன்டரில் சேசிஸ் எண் கொடுத்து விலைப்பட்டியல் கேளுங்கள். அங்கே வாங்காவிட்டாலும் சரியான எண் கையில் கிடைக்கும். சென்னை ஜி.பி. ரோட்டிலும் பெங்களூரு ஜே.சி. ரோட்டிலும் அதே சாமானை, கம்பெனிக்குச் செய்துகொடுக்கும் தயாரிப்பாளரின் பெட்டியில் வாங்கலாம்: கிளட்ச் என்றால் லுக், ஸ்டீரிங் ஜாயின்ட் என்றால் லெம்ஃபோர்டர், பிரேக் என்றால் ஏடிஇ, பிளக் என்றால் என்ஜிகே. விலை கணிசமாகக் குறையும். போலி அதிகம் வருவது பிளக், ஆயில் ஃபில்டர், பேட் மூன்றிலும். இவற்றை முகம் தெரிந்த கடையில், பில் போட்டு மட்டும் வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி ஒரே 18 சதவீதம்; பழைய 28 சதவீத விலைப்பட்டியலைக் காட்டினால் கேள்வி கேளுங்கள். சாமானை ஆம்னி பஸ் பார்சலிலோ பார்சல் லாரியிலோ போட்டுவிடச் சொல்லலாம். பேக்கிங் பிரிப்பதற்கு முன் வீடியோ எடுங்கள். திருப்பி அனுப்பும்போது பேச்சு குறையும்.

புதுப்பேட்டையில் பழைய சாமான் வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, வரம்போடு. கதவு, ஃபெண்டர், கண்ணாடி, ஹெட்லைட், சீட், அலாய் தாராளமாக. பிரேக் கேலிபர் வாங்கினால் சீல் மாற்றிப் பூட்டுங்கள். ஏர்பேக், சீட் பெல்ட், பிரேக் ஹோஸ், டைமிங் சாமான் எந்த விலைக்கும் வேண்டாம். டர்போ என்றால் ஷாஃப்டை விரலால் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். அந்தத் திசையில் ஆட்டம் தெரிந்தால் வைத்துவிடுங்கள். பில் இல்லாமல் இன்ஜின் வாங்காதீர்கள், எண் மாறும்போது ஆர்சியில் பதிய வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது கடைசி வழி. தளத்தில் காணும் விலையோடு சுங்கவரி, ஐஜிஎஸ்டி, கூரியர் கட்டணம் சேரும். ஆதாரோ பான் எண்ணோ கேட்பார்கள். எடை கூடினால் கணக்கு கெடும், அதனால் சென்சார், சீல், புஷ் போன்ற சின்னச் சாமானுக்கு மட்டும் லாபம். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே பெட்டியில் வரவழைத்தால் ஆளுக்குச் செலவு குறையும். பில்லில் விலையைக் குறைத்துப் போடச் சொல்லாதீர்கள். பெட்டி தொலைந்தால் அந்த விலைக்குத்தான் இழப்பீடு, பிடிபட்டால் அபராதம்.

இத்தனைக்கும் மேல், வீட்டில் ஓர் அலமாரி. ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஒரு செட் பிளக், ஓர் இக்னிஷன் காயில், முன் பேட், ஃபேன் பெல்ட், மேலே சொன்ன தெர்மோஸ்டாட் உறை, இரண்டு லிட்டர் கூலன்ட். ரப்பர் புஷ், ஹோஸ் ஆகியவற்றை மட்டும் வாங்கி அடுக்காதீர்கள், அலமாரியிலேயே வயதாகும். பிளக் ஒன்று போய் வண்டி விக்கினால், மெக்கானிக் டீ குடித்து வருவதற்குள் வேலை முடியும்.

படி 6: கைக்கு ஏற்ற ஆள்

எல்லா வேலைக்கும் ஒரே ஷெட் தேட வேண்டாம். ஆயில், பேட், சஸ்பென்ஷன் வேலைகளுக்கு டார்க் ரென்ச் வைத்திருக்கும், கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்கும் ஆள் உள்ளூரிலேயே கிடைப்பார். டிஎஸ்ஜியின் கியர், கிளட்ச்சை இயக்கும் மெக்கட்ரானிக் பகுதி, வால்வில் படியும் கரியை வால்நட் ஓட்டுத் தூள் அடித்து நீக்குவது போன்றவற்றுக்குச் சென்னையோ பெங்களூரோதான். அதை முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யுங்கள். நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜினில் பெட்ரோல் வால்வைக் கழுவாது என்பதால் கரி படியத்தான் செய்யும். டேங்கில் ஊற்றும் பாட்டில் மருந்து அங்கே போய்ச் சேராது.

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் நல்ல லேத் கைகள் இருக்கின்றன. அலாய்க்கு ஹப் ரிங், கேலிபர் பின், புல்லர் கருவி என்று அழகாகச் செய்துதருவார்கள். ஆனால் கன்ட்ரோல் ஆர்ம், ஸ்டீரிங் சாமான் எதையும் வெல்ட் வைக்கச் சொல்லாதீர்கள், அவர் முடியும் என்றாலும்.

சீட் தைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆம்பூரில் தோல் மலிவு என்று ஷூ தோலை எடுத்துச் சீட்டுக்குத் தைத்தால் வெயிலில் வெடிக்கும். கார் உபயோகத்துக்கென்று பதனிட்டதைக் கேட்டு வாங்குங்கள். சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் குறி இருந்தால் அந்தப் பக்கத் தையல் விபத்தில் பிரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும். கெட்டி நூல் போட்டுத் தைத்துவிட்டால் ஏர்பேக் சரியாக வெளியே வராது.

படி 7: பவர் ஏற்றுவதற்கு முன்

டிகியூ200 தாங்கும் அளவாகக் கம்பெனி சொல்வது 250 நியூட்டன் மீட்டர். 1.5 டிஎஸ்ஐ கம்பெனியிலிருந்து வரும்போதே 250. இதற்கு மேல் ரீமேப்காரர் என்ன கிராஃப் காட்டினாலும் அது கிளட்ச்சின் கணக்கிலிருந்து எடுத்த கடன். வெயில் காலத்தில், டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறினால் கூட்டிய பவரும் பாதி நேரம் கிடைக்காது. அதே காசுக்கு நல்ல டயர், நல்ல பேட், அலைன்மென்ட் செய்தால் ஜவ்வாது மலை ஏறும்போது வித்தியாசம் தெரியும்.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தமான எக்ஸாஸ்ட்டுக்குத் தனிப் பிரிவு, 10,000 வரை. வேகத்தைச் சோதிக்க ஆசை என்றால் இருங்காட்டுக்கோட்டை டிராக் இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர், 3.7 கிலோமீட்டர் சுற்று. டிராக் நாளுக்கு முன் பிரேக் ஆயில் மாற்றுங்கள், வீடு திரும்ப ஒரு செட் பேட் டிக்கியில் இருக்கட்டும். வழக்கமான இன்சூரன்ஸ் அங்கே நடப்பதற்குப் பொறுப்பேற்காது.

இன்சூரன்ஸில் பம்பர்-டு-பம்பர் (தேய்மானம் கழிக்காத பாலிசி) வேண்டும். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி எல்லாவற்றிலும் பாதிதான் தருவார்கள், இந்த வண்டிகளின் முன்பக்கம் முழுவதும் பிளாஸ்டிக். இன்ஜின் புரொடெக்ஷனும் சேருங்கள். மழையில் ரயில்வே சுரங்கப்பாதைத் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள். அந்த இரண்டாவது முயற்சியில்தான் கனெக்டிங் ராடு வளையும்.

படி 8: வழியில் நின்றால்

தேசிய நெடுஞ்சாலை 48-இல் நின்றால் 1033-க்கு அழைக்கலாம், வண்டியைப் பாதுகாப்பாக ஓரங்கட்ட உதவுவார்கள். அவர்களின் கிரேன் முன் சக்கரத்தைத் தூக்கி இழுக்கும் வகையாக இருந்தால் அதில் வேலூர்வரை வர ஒப்புக்கொள்ளாதீர்கள். நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் பவர் போகும் (ஆல்-வீல் டிரைவ்) வண்டிக்கும், தாழ்ந்த பம்பருக்கும் தட்டு லாரிதான். இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்யும்போதே "பிளாட்பெட் மட்டும் அனுப்புங்க" என்று சொல்லி, அதைக் குறுஞ்செய்தியாகவும் அனுப்பி வையுங்கள். இழுவைக் கொக்கியை மாட்டும் துளை பம்பரில் எந்தச் சின்ன மூடிக்குப் பின்னால் இருக்கிறது, கொக்கி டிக்கியில் எங்கே கிடக்கிறது என்று வீட்டிலேயே ஒருமுறை எடுத்து மாட்டிப் பாருங்கள். பழைய வண்டிகளில் பாதிக்கு அந்தக் கொக்கியே காணாமல் போயிருக்கும். அப்படியானால் அடுத்த புதுப்பேட்டை நடையில் முதலில் வாங்க வேண்டியது அதுதான்.